பொருளுக்கு அளவு உண்டு, காலத்துக்கு முடிவில்லை: அப்படியானால் எல்லாம் அப்படியே திரும்பி வந்தே ஆக வேண்டுமா?

ஆற்றுமணல் கேட்டது:

வணக்கம். ஜெர்மானியத் தத்துவவாதி நீட்சேயின் நித்திய மீள்வருகையை, அதாவது நடந்த எல்லாம் அப்படியே முடிவில்லாமல் திரும்பத் திரும்ப நடக்கும் என்ற எண்ணத்தை வைத்து எங்கள் வாசிப்பு வட்டத்தில் இரண்டு மணி நேரம் பேச வேண்டும். அதற்கு முன் மூன்று இடங்களில் தெளிவு வேண்டும்.

முதலாவது, வாதம். உலகத்தில் இருக்கும் பொருளும் ஆற்றலும் ஓர் அளவுக்கு உட்பட்டவை. ஆகவே அவை சேரக்கூடிய விதங்களும் எண்ணிக்கைக்குள் அடங்கியவை. காலமோ முடிவற்றது. சீட்டுக்கட்டை ஓயாமல் கலைத்துக்கொண்டே இருந்தால் ஒருமுறை விழுந்த வரிசை என்றாவது மறுபடி விழத்தானே வேண்டும்? கேட்டவுடன் சரி என்றுதான் படுகிறது. ஆனால் இது உடைந்துவிட்டது என்று எல்லோரும் சொல்கிறார்கள். எந்தக் கண்ணியில் உடைகிறது?

இரண்டாவது, நம் யுகக் கணக்கு. கலி முடிந்தால் மறுபடி கிருத யுகம். நீட்சே சொன்னதும் இதுவும் ஒன்றுதான் என்று பேச்சாளர்கள் சொல்லிவிட்டுப் போகிறார்கள். அது சரியா?

மூன்றாவது, நீட்சேயை எந்த வரிசையில் படிப்பது? அவருடைய 'ஜரதுஷ்ட்ரா' நூலை முதல் பக்கத்திலிருந்து தொடங்குபவர்கள் மீள்வருகை வரும் இடத்தை எட்டுவதற்குள் சோர்ந்துவிடுகிறார்கள்.

---

முழுஎண் எழுதியது:

முதல் கேள்விக்கு மட்டும் நான். உங்கள் வாதத்தில் ஒன்றல்ல, மூன்று கண்ணிகள் பலவீனமானவை. மூன்றையும் தனித்தனியாகப் பிரித்துப் பேசாவிட்டால் கூட்டம் குழம்பிவிடும்.

'பொருள் அளவானது, ஆகவே சேர்க்கைகளும் அளவானவை' என்பதுதான் முதல் கண்ணி. ஜெர்மானியச் சிந்தனையாளர் ஸிம்மல் 1907-இல் இதை மூன்றே சக்கரங்களைக் கொண்டு உடைத்தார். ஒரே அச்சில் ஒரே அளவான மூன்று சக்கரங்கள். ஒவ்வொன்றின் விளிம்பிலும் ஒரு புள்ளி. தொடக்கத்தில் மூன்று புள்ளிகளும் ஒரே நேர்கோட்டில் நிற்கின்றன. முதல் சக்கரம் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் சுழல்கிறது. இரண்டாவது அதைப் போல் இரு மடங்கு வேகம். மூன்றாவதன் வேகம், முதல் சக்கரத்தின் வேகத்தைப் பை (π, சுமார் 3.14159) என்ற எண்ணால் வகுத்தால் வருவது. முதல் சக்கரம் முழுச் சுற்று முடிக்கும் ஒவ்வொரு தடவையும் இரண்டாவதும் முழுச் சுற்றுகளை முடித்துப் பழைய இடத்துக்கு வந்துவிடும். மூன்றாவது வராது. பை ஒரு விகிதமுறா எண், அதாவது இரண்டு முழு எண்களின் விகிதமாக எழுத முடியாதது. எத்தனை முழுச் சுற்றுகளை அதனால் வகுத்தாலும் முழு எண் கிடைக்காது. மூன்றே சக்கரம், முடிவில்லாத காலம். ஆனாலும் தொடக்க நிலை ஒருமுறைகூடத் திரும்புவதில்லை.

இதைக் கரும்பலகையில் போடும்போது எண்களையும் போடுங்கள், அப்போதுதான் பதியும். முதல் சக்கரம் 22 சுற்று முடித்தால் மூன்றாவது 7.0028 சுற்று முடித்திருக்கும். அதன் புள்ளி ஏறக்குறைய 1 பாகை விலகி நிற்கும். முதல் சக்கரம் 355 சுற்று போனால் விலகல் 0.0035 பாகைக்கும் கீழே போய்விடும், கண்ணுக்கே தெரியாது. இன்னும் காத்திருந்தால் இன்னும் நெருங்கும். ஆனால் பூஜ்யம் ஆகாது. 'நெருங்கி வருதல்', 'அதுவாகவே வருதல்' என்று இங்கே இரண்டு வேறு விஷயங்கள் இருப்பதைக் கேட்பவர்கள் கவனிக்க வேண்டும். இந்தத் தலைப்பில் நடக்கும் சண்டைகளில் பாதி இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணுவதால் வருபவை.

இரண்டாவது கண்ணி பலர் கண்ணில் படுவதில்லை. நிலைகள் எண்ணிக்கைக்குள் அடங்கியவை என்றே வைத்துக்கொள்வோம். விதி ஒவ்வொரு நிலையிலிருந்தும் அடுத்த நிலையைத் தீர்மானிக்கிறது. அப்படியானால் ஏதோ ஒரு நிலை மறுபடி வந்தே தீரும், இதில் சந்தேகமில்லை. ஆனால் தொடங்கிய நிலைதான் வர வேண்டும் என்று கட்டாயம் உண்டா? ஒரு எண்ணை எடுத்து, அதை அதே எண்ணால் பெருக்கி, கடைசி இலக்கத்தை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். 2-இல் தொடங்கினால் 4 வரும். 4 பெருக்கல் 4, 16. கடைசி இலக்கம் 6. 6 பெருக்கல் 6, 36, மறுபடி 6. அதன்பின் 6, 6, 6 என்றே போகும். 2 இனி எந்தக் காலத்திலும் வராது. சுருக்குக் கயிற்றைப் போன்ற அமைப்பு இது: ஒரு வால், அதன் முனையில் ஒரு வளையம். நாம் நிற்பது வாலிலா வளையத்திலா? வாதம் அதைச் சொல்வதே இல்லை. விதியைப் பின்னோக்கியும் ஓட்ட முடியும், அதாவது ஒவ்வொரு நிலைக்கும் ஒரே ஒரு முந்தைய நிலைதான் உண்டு என்று நிபந்தனை போட்டால் மட்டுமே வால் இல்லாமல் போகும்.

மூன்றாவது, உங்கள் சீட்டுக்கட்டு. 52 சீட்டுகளை அடுக்கும் விதங்கள் சுமார் 8-ஐத் தொடர்ந்து 67 பூஜ்யங்கள். எண்ணிக்கைக்குள் அடங்கியதுதான். ஆனால் ஒவ்வொரு கலைப்பும் தற்செயலானது, முந்தையதோடு தொடர்பற்றது என்பதை நாம் சொல்லாமலே சேர்த்துக்கொள்கிறோம். உலகம் அப்படிக் கலைக்கப்படுவதில்லை. இந்த நொடி போன நொடியிலிருந்து வருகிறது. தற்செயல் மாதிரியும் விதிக்கட்டுப்பட்ட மாதிரியும் வேறு வேறு. ஒன்றில் உண்மையானதை இன்னொன்றுக்குக் கொண்டுபோகக் கூடாது.

இந்த எதிர்வாதத்தின் வேர் ஸிம்மலுக்கு வெகுகாலம் முந்தையது. 14-ஆம் நூற்றாண்டில் பாரிஸில் இருந்த நிக்கோல் ஒரெம், வான்கோள்களின் சுற்றுக்காலங்கள் ஒன்றுக்கொன்று முழு எண் விகிதத்தில் அமையாதிருப்பதே சாத்தியம் என்றார். அப்படியானால் கோள்கள் எல்லாம் பழைய இடத்துக்கே வந்து சேரும் 'பேராண்டு' என்ற ஒன்று கிடையாது என்று வாதாடினார்.

நம்மிடமே இதற்கு நல்ல உதாரணம் உண்டு. பிரபவ முதல் அட்சய வரை 60 ஆண்டுச் சுற்று, வியாழன் 12 ஆண்டில் ஒரு சுற்று, சனி 30 ஆண்டில் ஒரு சுற்று என்ற முழு எண்களோடு பொருந்துகிறது. உண்மையில் வியாழனுக்கு 11.86 ஆண்டு, சனிக்கு 29.46 ஆண்டு. 60 ஆண்டு கழித்துச் சராசரிக் கணக்கில் வியாழன் பழைய இடத்தைத் தாண்டி ஏறக்குறைய 21 பாகையும் சனி 13 பாகையும் போயிருக்கும். ஆண்டின் பெயர் திரும்புகிறது, வானம் திரும்புவதில்லை.

---

வெப்பக்கணக்கு எழுதியது:

முழுஎண் சொன்னது சரி. அதோடு நிறுத்தினால் 'மீள்வருகை அறிவியலில் செத்துப்போன கருத்து' என்று கூட்டம் முடிவு கட்டிவிடும். அது தவறு. 'நெருங்கி வருதல்' என்ற பாதி நிரூபிக்கப்பட்ட ஒன்று.

பிரெஞ்சுக் கணிதர் புவான்காரே 1890-இல் வெளியிட்ட தேற்றம் அது. மூன்று வான்பொருள்கள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு எப்படி நகரும் என்ற ஆய்வில் கிடைத்தது. சுவீடன் மன்னர் இரண்டாம் ஆஸ்கரின் 60-ஆம் பிறந்தநாளையொட்டி நடந்த போட்டியில் பரிசு பெற்ற கட்டுரை. அச்சான பிறகு அதில் ஒரு பிழை தெரியவந்து, திருத்தி மறுபடி அச்சிட்டார்கள். நீட்சே 1889 ஜனவரியிலேயே மனநிலை சிதைந்துவிட்டார், ஆகவே இதை அவர் அறிய வழியில்லை.

தேற்றம் சொல்வது: அடைபட்ட இடம், மாறாத மொத்த ஆற்றல், நிலைவெளியின் (அமைப்பு எடுக்கக்கூடிய எல்லா நிலைகளும் சேர்ந்த வெளி) கன அளவைச் சுருக்காத விதி, இந்த மூன்றும் இருந்தால், ஏறத்தாழ எல்லாத் தொடக்க நிலைகளும் எவ்வளவு நெருக்கம் வேண்டுமானாலும் அவ்வளவு நெருக்கத்தில் மறுபடி மறுபடி வரும். 'ஏறத்தாழ எல்லா', 'நெருக்கத்தில்' என்ற இரண்டு சொற்களையும் விடாமல் சொல்லுங்கள். அவற்றை விட்டுவிட்டுத்தான் பலர் தேற்றத்தைத் தப்பாக மேற்கோள் காட்டுகிறார்கள்.

கணிதர் செர்மெலோ 1896-இல் இதைக் கையில் எடுத்து, வெப்பத்தை மூலக்கூறுகளின் அசைவைக் கொண்டு விளக்கிய இயற்பியலாளர் போல்ட்ஸ்மனை மடக்கினார். எல்லாம் திரும்பி வரும் என்றால், வெப்பம் ஒருதிசையில்தான் போகும், ஒழுங்கு குலைந்துகொண்டேதான் போகும் என்று நீங்கள் எப்படிச் சொல்லலாம்? போல்ட்ஸ்மன் தேற்றத்தை மறுக்கவில்லை. எவ்வளவு காலம் பிடிக்கும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். ஒரு கன சென்டிமீட்டர் வாயுவுக்கே அந்தக் காலத்தை விநாடியில் எழுதினால் எண்ணின் இலக்கங்கள் மட்டும் லட்சம் கோடிகளைத் தாண்டும்.

இந்தக் காலக்கணக்கை வட்டத்திலேயே செய்து காட்டலாம். இயற்பியலாளர்களான ஏரன்ஃபெஸ்ட் தம்பதியர் 1907-இல் அமைத்த மாதிரி இது. இரண்டு கிண்ணம், 1 முதல் 6 வரை எண் எழுதிய ஆறு புளியங்கொட்டை, ஒரு பகடை. எல்லாக் கொட்டையும் முதல் கிண்ணத்தில். பகடையை உருட்டுங்கள். விழுந்த எண்ணுள்ள கொட்டை எந்தக் கிண்ணத்தில் இருந்தாலும் எடுத்து மற்றதில் போடுங்கள். ஆறும் மறுபடி முதல் கிண்ணத்துக்கு வரும்வரை உருட்டல்களை எண்ணுங்கள். சராசரி 64, அதாவது 2-இன் ஆறாம் அடுக்கு.

இதில் வழக்கமாக நடக்கும் தவறு இரண்டு. ஒன்று, பகடை எண்ணைப் பார்க்காமல், கை எந்தக் கிண்ணத்துக்குப் போகிறதோ அதிலிருந்து ஒரு கொட்டையை எடுப்பது. அப்படிச் செய்தால் கணக்கு வேறாகிவிடும், கொட்டைக்குத்தான் சமவாய்ப்பு வேண்டும், கிண்ணத்துக்கல்ல. இன்னொன்று, இரண்டு மூன்று தடவையோடு நிறுத்திவிடுவது. சராசரியாக ஆறு ஆட்டத்தில் ஒன்று இரண்டாவது உருட்டலிலேயே முடிந்துவிடும். வேறு சில இருநூறைத் தாண்டியும் இழுக்கும். ஆளுக்கு ஒரு ஜோடிக் கிண்ணம் கொடுத்து இருபது ஆட்டமாவது சேர்த்தால்தான் 64-ஐ ஒட்டி வரும். இன்னொரு சோதனையும் உண்டு: திரும்புதல் எப்போதும் இரட்டைப்படை உருட்டலில்தான் நடக்கும். ஒற்றைப்படையில் திரும்பியது என்று யாராவது சொன்னால் எங்கோ எண்ணத் தவறியிருக்கிறார்.

பிறகு எண்ணிக்கையைக் கூட்டிக் காட்டுங்கள். ஒவ்வொரு உருட்டலுக்கும் விநாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் ஆகிறது என்று வைப்போம். 50 கொட்டைக்குச் சராசரி ஏறக்குறைய 36 ஆண்டு. 100 கொட்டைக்கு, பிரபஞ்சத்தின் இன்றைய வயதான 1380 கோடி ஆண்டைப் போல் சுமார் 29 லட்சம் மடங்கு. ஒரு கன சென்டிமீட்டர் காற்றில் இருப்பவை 100 அல்ல, 1-ஐத் தொடர்ந்து 19 பூஜ்யங்கள் போட்ட அளவிலான மூலக்கூறுகள். நறுமணம் குப்பிக்குள் தானாகத் திரும்பிப் போவதை யாரும் பார்த்ததில்லை என்பதற்குக் காரணம் தடை எதுவும் இருப்பது அல்ல, காத்திருக்க வேண்டிய காலத்தின் நீளம்.

அச்சு அசலாகத் திரும்புவதையும் காட்ட வேண்டும் என்றால் ரஷ்யக் கணிதர் அர்னால்டின் 'பூனை' இருக்கிறது. பூனை முகத்தை வரைந்து விளக்கியதால் அந்தப் பெயர். 5-க்கு 5 கட்டம் போடுங்கள். வரிசைகளுக்கும் பத்திகளுக்கும் 0 முதல் 4 வரை எண். ஒரு கட்டத்தின் இரண்டு எண்களில் முதல் எண்ணுக்குப் பதில் இரண்டின் கூட்டல். இரண்டாவதற்குப் பதில் முதல் எண்ணோடு இரண்டாவதன் இரு மடங்கு. எது 5 அல்லது அதற்கு மேல் போனாலும் 5-ஆல் வகுத்து மீதியை மட்டும் வையுங்கள். (1,0)-இல் தொடங்கினால் (1,1), (2,3), (0,3), (3,1), (4,0), (4,4), (3,2), (0,2), (2,4), பத்தாவது அடியில் மறுபடி (1,0). (1,3) இரண்டே அடியில் திரும்பிவிடும். (0,0) அசையவே அசையாது. எங்கே தொடங்கினாலும் பத்தாவது அடியில் கட்டம் முழுவதும் பழையபடி. கணினியில் 101-க்கு 101 புள்ளிகள் கொண்ட படத்தை இப்படிக் கலைத்தால் 25 அடியிலேயே படம் திரும்பிவிடும். 150-க்கு 150 என்றால் 300 அடி. படம் பெரிதானால் காலமும் கூடும் என்று எண்ணிவிடாதீர்கள். 124-க்கு வெறும் 15 அடி போதும்.

இங்கே நிலைகள் தனித்தனிக் கட்டங்கள், விதியைப் பின்னோக்கியும் ஓட்டலாம். ஆகவே முழுஎண் சொன்ன வால் இல்லை.

பிரபஞ்சம் முழுவதற்கும் இதைப் பொருத்த முடியுமா? முதல் நிபந்தனையே உதைக்கிறது. பிரபஞ்சம் விரிகிறது. விரிவின் வேகமும் கூடுகிறது என்று 1998-இல் தெரியவந்தது. மூடிய பெட்டிக்கான தேற்றத்தை விரிந்துகொண்டே போகும் வெளிக்கு அப்படியே தூக்கிக்கொண்டு போக முடியாது. இயற்பியலாளர் பென்ரோஸ் முன்வைக்கும் சுழற்சிப் பிரபஞ்சத்திலும் ஒரு யுகத்தின் முடிவு அடுத்ததன் தொடக்கமாகிறதே தவிர, அடுத்தது முந்தையதன் நகல் அல்ல.

---

பதிபசு எழுதியது:

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். 'இரண்டும் ஒன்றுதான்' என்று சொல்பவர்கள் நீட்சேயையும் படிக்கவில்லை, நம் நூல்களையும் படிக்கவில்லை. வருத்தத்தோடுதான் சொல்கிறேன்.

கணக்கு முதலில். கலி 4,32,000 ஆண்டு, துவாபரம் அதன் இரு மடங்கு, திரேதா மும்மடங்கு, கிருதம் நான்கு மடங்கு. சேர்த்தால் சதுர்யுகம் 43,20,000. அப்படி 71 சேர்ந்தது ஒரு மன்வந்தரம். 14 மன்வந்தரமும், அவற்றுக்கு முன்னும் பின்னும் இடையிலும் வரும் கிருதயுக அளவுள்ள 15 சந்திகளும் (இடைக்காலங்களும்) சேர்ந்தால் ஆயிரம் சதுர்யுகம் சரியாக வரும். 71-ஐ 14-ஆல் பெருக்கினால் 994 தானே, மீதி 6 எங்கே என்று சபையில் யாராவது கேட்பார்கள். அந்த 6 இந்தச் சந்திகள்தான். ஆக, பிரமனின் ஒரு பகல் 432 கோடி ஆண்டு. இரவும் அதே அளவு.

இவ்வளவு பெரிய சுற்றில் திரும்பி வருவது எது? ரிக் வேதம் பத்தாம் மண்டலத்தில் 190-ஆம் சூக்தம், சூரியனையும் சந்திரனையும் 'யதாபூர்வம்', முன்போலவே, படைத்தவன் அமைத்தான் என்கிறது. பிரம்ம சூத்திரம் 1.3.30-க்கு உரை எழுதும் சங்கரர் இதைச் சான்றாகக் காட்டி, ஒவ்வொரு படைப்பிலும் பெயரும் வடிவமும் முந்தையதைப் போலவே அமையும் என்கிறார். அங்கே அவருக்கு இருக்கும் பிரச்சினை வேறு: வேதச் சொற்கள் நித்தியம் என்றால், அழியக்கூடிய இந்திரனைக் குறிக்கும் சொல் எப்படி நித்தியமாகும்? பதில்: இந்திரன் என்பது படைத்தலைவன் என்பதைப் போல ஒரு பதவி. இருப்பவர் போவார், பதவி இருக்கும். ஆக, திரும்புவது வகையும் வார்ப்பும். போன கல்பத்தில் (பிரமனின் முந்தைய பகலில்) ஒரு செவ்வாய்க்கிழமை மாலை நீங்கள் குடித்த காபி திரும்புவதாக யாரும் சொல்லவில்லை.

சைவ சித்தாந்தத்தில் வேறுபாடு இன்னும் கூர்மை. மெய்கண்டாரின் சிவஞானபோத முதற் சூத்திரம் உங்கள் தலைப்போடு நேரடியாக மோதுகிறது:

அவன்அவள் அதுஎனும் அவைமூ வினைமையின்
தோற்றிய திதியே ஒடுங்கி மலத்துளதாம்
அந்தம் ஆதி என்மனார் புலவர்

தோற்றுவிக்கப்பட்ட உலகம் ஒடுங்குகிறது, பிறகு மறுபடி உளதாகிறது. ஏன் மறுபடி? 'மலத்து' என்ற சொல்லில் பதில் இருக்கிறது. உயிர்களைப் பிடித்திருக்கும் மலம், அதாவது ஆணவம் முதலான மாசு, இன்னும் நீங்கவில்லை, அதற்காக. 'அந்தம் ஆதி' என்பதை 'முடிவே தொடக்கம்' என்று காலவட்டமாகப் படிப்பது பொதுவாக நடக்கும் தவறு. உரைமரபில் அதன் பொருள், ஒடுக்குகிறவனே உலகுக்கு முதல் என்பது. ஒடுக்கமும் தண்டனையல்ல. சிவஞான சித்தியார் அதை 'அழிப்பு இளைப்பாற்றல்' என்று சொல்லும். பிறந்து இறந்து களைத்த உயிருக்கு ஓய்வு.

இதிலிருந்து வருவதைக் கவனியுங்கள். அடுத்த சுற்று முந்தையதன் அச்சு அசல் நகல் என்றால், அடுத்த சுற்றின் முடிவிலும் மலம் இதே அளவுதான் கழிந்திருக்கும். அப்போது சுற்றுக்கே நோக்கம் இல்லை, முத்தியும் இல்லை. நம் சுழற்சிக்கு உயிர் கொடுப்பது அதிலிருந்து விடுபட முடியும் என்பதுதான். நீட்சேயின் சுழற்சிக்கு உயிர் கொடுப்பது அதிலிருந்து வெளியேற வழியே இல்லை என்பது. வட்டம் என்ற உருவம் ஒன்று, மற்ற எல்லாமே எதிர்.

மறுபிறவியையும் இதோடு குழப்ப வேண்டாம். மறுபிறவியில் உயிர் அதுவே, உடலும் வாழ்வும் வேறு. நித்திய மீள்வருகையில் உடலும் வாழ்வும் அதே.

நீட்சேக்கு உண்மையான முன்னோடி வேண்டுமென்றால் கிரேக்கத்தில் ஸ்டோயிக்குகள் என்ற தத்துவப் பள்ளியினரைப் பாருங்கள். உலகம் நெருப்பில் ஒடுங்கி மறுபடி எழும், மறுபடி சாக்ரடீஸும் பிளேட்டோவும் அதே நண்பர்களோடும் அதே ஊர்க்காரர்களோடும் வருவார்கள் என்று அவர்கள் சொன்னதாகப் பழைய கிறித்தவ எழுத்தாளர் நெமேசியஸ் பதிவு செய்திருக்கிறார்.

---

சில்வாப்ளானா எழுதியது:

படிக்கும் வரிசைக்கு என் பரிந்துரை.

முதலில் 1882-இல் வந்த நீட்சேயின் 'மகிழ்வான அறிவியல்' நூலின் 341-ஆம் பகுதி. ஒரு பக்கம்கூட இல்லை. தலைப்பு 'மிகப் பெரும் பாரம்'. அதை மூன்று தடவை உரக்கப் படிக்கச் செய்யுங்கள். உங்கள் மிகத் தனிமையான தனிமைக்குள் ஒரு பேய் ஊர்ந்து வந்து, இந்த வாழ்க்கையை இதே வரிசையில், ஒரு பெருமூச்சுக்கூட மாறாமல், கணக்கற்ற தடவை வாழ வேண்டியிருக்கும் என்று சொன்னால் என்ன செய்வீர்கள்? கவனியுங்கள்: 'சொன்னால்'. வாக்கியம் முழுவதும் நிபந்தனையில் நிற்கிறது. உலகம் இப்படித்தான் இயங்குகிறது என்ற கூற்று அங்கே இல்லை. தமிழில் சொல்லும்போது அந்த 'ஆல்' விகுதியை விட்டுவிட்டு 'நீட்சே சொல்கிறார், எல்லாம் திரும்பி வரும்' என்று ஆரம்பித்தால் பகுதியே செத்துவிடும்.

அடுத்தது 342. அதுதான் 'ஜரதுஷ்ட்ரா'வின் தொடக்கப் பத்தி, முதல் பதிப்பின் கடைசிப் பகுதி. அங்கிருந்து நேரே 'ஜரதுஷ்ட்ரா' மூன்றாம் பாகத்துக்குத் தாவலாம். அதில் இரண்டு இயல் போதும். 'காட்சியும் புதிரும்' பற்றியதில், 'கணம்' என்று பெயர் எழுதிய ஒரு வாயிலில் இரண்டு பாதைகள் சந்திக்கின்றன. ஒன்று பின்னோக்கி முடிவில்லாமல், இன்னொன்று முன்னோக்கி முடிவில்லாமல். கூட வந்த குள்ளன் அலட்சியமாக, காலமே ஒரு வட்டம்தான் என்கிறான். ஜரதுஷ்ட்ரா அவன்மேல் சீறுகிறான், இவ்வளவு இலேசாக்கிவிடாதே என்று. பலர் குள்ளனின் வாக்கியத்தை நீட்சேயின் கொள்கை என்று மேற்கோள் காட்டுகிறார்கள். கோட்பாட்டளவில் அது சரியாகவே இருக்கட்டும். அதைத் தன் வாழ்க்கையின்மேல் ஏற்றிப் பார்க்காமல் சொன்னதற்குத்தான் திட்டு விழுகிறது. அதே இயலில் தொண்டைக்குள் கரும்பாம்பு புகுந்த இடையன் அதன் தலையைக் கடித்துத் துப்புகிறான்.

பிறகு 'நோய் தேறுபவன்'. பாம்பு எதைக் குறித்தது என்பது அங்கேதான் வெளிப்படுகிறது. ஜரதுஷ்ட்ராவின் தொண்டையை அடைத்தது சாவு பற்றிய அச்சம் அல்ல, சிறுமை படைத்த மனிதனும் என்றென்றும் திரும்பி வருவான் என்ற அருவருப்பு. 'என் இன்பமான நாட்கள் திரும்ப வந்தால் நல்லதுதானே' என்று வட்டத்தில் யாராவது சொன்னால் இந்தப் பக்கத்தைத் திறந்து காட்டுங்கள்.

நேரமிருந்தால் 'நன்மை தீமைக்கு அப்பால்' 56-ஆம் பகுதி. பிறகு 1887 ஜூன் 10 தேதியிட்ட லென்சர்ஹைடே குறிப்பு (சுவிட்சர்லாந்தின் அந்த ஊரில் அவர் எழுதி வைத்தது). அதில் மீள்வருகையை வெறுமைவாதத்தின் உச்ச வடிவம் என்கிறார்: அர்த்தமும் இல்லை, இலக்கும் இல்லை, இன்மையில் போய் முடிவதும் இல்லை.

ஆற்றுமணல் எழுதிய அந்த 'அளவான பொருள்' வாதத்தைக் கடைசியாக வையுங்கள். நீட்சே அதை நூலாக்கி வெளியிட்ட ஒரு முழு நிரூபணமாகத் தரவில்லை. அது நோட்டுப் புத்தகக் குறிப்புகளில் இருந்தது. அவர் 1900-இல் இறந்த பிறகு தங்கை எலிசபெத்தின் பொறுப்பில் தொகுத்து 'அதிகாரத்துக்கான விழைவு' என்ற பெயரில் வெளியானபோது, அதுவே அவருடைய இறுதிக் கோட்பாடு போன்ற தோற்றம் வந்துவிட்டது. ஸிம்மலின் சக்கரங்கள் அந்தக் குறிப்புகளைத் தாக்கும். 341-ஐத் தொடாது. நிபந்தனைக் கேள்வியை நிரூபிக்கவும் முடியாது, உடைக்கவும் முடியாது. பதில் சொல்ல மட்டுமே முடியும்.

இந்த எண்ணம் வந்த இடத்தை அவரே குறித்திருக்கிறார்: 1881 ஆகஸ்ட், சுவிட்சர்லாந்தில் சில்வாப்ளானா ஏரிக்கரை, சுர்லேய் அருகே கூம்பு போன்ற ஒரு பாறை. தாளில் எழுதியது, 'மனிதருக்கும் காலத்துக்கும் 6000 அடி அப்பால்'.

---

ஆற்றுமணல் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. புளியங்கொட்டைக்குத் தனி நன்றி. ஒரு முள் மட்டும் இன்னும் உறுத்துகிறது. அச்சு அசலாக அதேதான் என்றால் அது 'இரண்டாம் தடவை' என்று எப்படிச் சொல்வது? முந்தைய தடவையின் நினைவும் இல்லை. பிறகு நான் ஏன் கவலைப்பட வேண்டும்? அவன் வேறு யாரோதானே?

---

முழுஎண் எழுதியது:

நினைவு இருக்கவே முடியாது. நினைவு வந்தால் அந்தத் தடவை முந்தையதிலிருந்து மாறிவிட்டது. 'இதை முன்பே பார்த்தது போலிருக்கிறது' என்ற உணர்வைச் சாட்சியாகக் கொண்டுவருபவர்களுக்கு இதுவே பதில். ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்தில் அதே உணர்வு வரும், ஆகவே அது எந்தச் சுற்றையும் நினைவுபடுத்தவில்லை.

உங்கள் கேள்வியை அரிஸ்டாட்டிலின் மாணவர் யூடெமஸ் முன்பே கேட்டுவிட்டார். அரிஸ்டாட்டிலுக்குப் பிற்காலத்தில் உரை எழுதிய சிம்ப்ளீசியஸின் உரையில் அந்தப் பகுதி தப்பிப் பிழைத்திருக்கிறது. பித்தகோரியர்களை நம்பினால், நீங்கள் இதேபோல் உட்கார்ந்திருக்க, இந்தக் குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு நான் மறுபடி உங்களோடு பேசுவேன் என்கிறார். அடுத்து, எல்லாமே அதே என்றால் காலமும் அதே என்று சொல்வதுதானே பொருந்தும் என்கிறார். காலமும் அதே என்றால் எண்ணுவதற்கு இரண்டு இல்லை. கோடு வட்டமாக வளைந்ததென்று சொல்லலாம், வட்டத்தைச் சுற்றி வந்தோம் என்று சொல்ல முடியாது.

ஸ்டோயிக்குகளும் இதில் பிளவுபட்டார்கள். அதே சாக்ரடீஸ்தான் என்றார்கள் சிலர். சாக்ரடீஸிடமிருந்து பிரித்தறிய முடியாத வேறொருவர் என்றும் சொன்னதாகப் பழைய கிறித்தவச் சிந்தனையாளர் ஆரிஜென் எழுதுகிறார். முகத்தில் ஒரு மச்சம் இருந்தது இல்லாமல் போவது போன்ற சில்லறை வேறுபாடுகளை அனுமதித்தவர்களும் இருந்தார்கள். மூன்றில் எதை எடுத்தாலும் ஒரு விலை உண்டு. முதலாவதில் 'மறுபடி' என்ற சொல் போய்விடும், இரண்டாவதில் 'நான்' போய்விடும், மூன்றாவதில் 'அப்படியே' போய்விடும்.

---

சில்வாப்ளானா எழுதியது:

ஆற்றுமணல், 'அவன் வேறு யாரோ, நான் ஏன் கவலைப்பட வேண்டும்' என்ற கேள்விக்கு மட்டும். 341-இல் பேய் அடுத்த சுற்றில் இருப்பவருக்காக இரங்கச் சொல்லவில்லை. பற்களைக் கடித்து அதைச் சபிப்பீர்களா, அல்லது 'நீ ஒரு தெய்வம், இதைவிடத் தெய்வீகமான ஒன்றை நான் கேட்டதில்லை' என்று சொல்லும்படியான ஒரு பெருங்கணம் உங்களுக்கு வாய்த்திருக்கிறதா என்று கேட்கிறது. இரண்டுமே இந்தச் சுற்றில், இப்போதே நடப்பவை. யூடெமஸ் சொல்வதுபோல் சுற்று ஒன்றே ஒன்றுதான் என்றாலும் கேள்வி அப்படியே நிற்கிறது.

வட்டத்தில் இதைக் கேட்கும்போது 'உங்கள் வாழ்க்கை முழுவதும்' என்று கேட்காதீர்கள், பதில் பொதுப்படையாக வழுக்கிவிடும். பேய் எதைச் சுட்டிக் காட்டுகிறது என்று பாருங்கள்: இந்தச் சிலந்தி, மரங்களுக்கு நடுவே இந்த நிலவொளி, இந்தக் கணம். 'ஜரதுஷ்ட்ரா'வின் வாயில் காட்சியிலும் நிலவொளியில் மெல்ல ஊரும் அதே சிலந்தி வருகிறது. இரண்டு பத்திகளையும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் அச்சடித்து, பேச்சைத் தொடங்கும் முன்பே எல்லோர் கையிலும் கொடுத்துவிடுங்கள்.